கறுப்புத் திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

கம்பெனியில் ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்க்கும் அறையின் கறுப்புத் திரையைத் துவைக்கப் போடலாமென்று இன்று காலை கழற்றினேன். மடிக்கும்போது உன் தலைவலித் தைலத்தின் வாசனை குப்பென்று வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது, துணி மட்டும் உன்னை விடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இந்தத் திரையோரம் நிற்பாயே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வந்தது. செத்தவனைப் பற்றி நல்லதாக எழுத வேண்டுமாம். நல்லதையெல்லாம் உன் படத்துக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அங்கே போய்ப் படித்துக்கொள்.

தண்டலத்தில் ஒரே காலேஜ், ஒரே பெஞ்சு. ஒரகடம் ரோட்டில் ஒரே கம்பெனியில் ஒரே நாள் சேர்ந்தோம். கொடுத்த வேலையும் ஒன்றுதான்: உள்ளங்கையில் அடங்குகிற ஸ்பீக்கரை ஆளுயரப் பெட்டி மாதிரி பேசவைக்க வேண்டும். நீ ஒன்று செய்வாய், நான் ஒன்று செய்வேன். இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, டீ டைமில் பேக்கிங் லைன் ஆட்களைக் கூப்பிடுவோம். மண்ணூர் ஆடித் திருவிழாவில் நீ மைக் கட்டிப் பதிவுசெய்துவந்த பம்பை மேளச் சத்தத்தைப் போடுவோம். "எது பெரிய பெட்டி?" அவ்வளவுதான் கேள்வி. ஜனங்கள் கை காட்டுவது தயாரிப்பு லைனுக்குப் போகும்.

அவர்கள் உன்னுடையதைத்தான் காட்டுவார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அதே கதை.

முதல் தடவை நான் செய்த கூத்து உனக்கு நினைவிருக்கும். பம்பையின் அடிச் சத்தம் கனமாக வரட்டுமென்று கீழ் ஸ்வரங்களையெல்லாம் முரட்டுத்தனமாக ஏற்றிவிட்டேன். ஸ்பீக்கருக்குள் அதிர்கிற அந்தச் சின்னக் கூம்பு எவ்வளவு தூரம்தான் முன்னும் பின்னும் போய்வரும்? எல்லை தாண்டி முட்டிக்கொண்டு தடதடவென்று அடித்தது. பேக்கிங்கில் இருக்கும் கஸ்தூரி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னா சார் இது, பாயத் தட்டிகினு இருக்கற மாதிரி கீது." அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

உன் பெட்டியில் அந்த அடிச் சத்தமே கிடையாது. கூம்பால் முடியாததை அடியோடு வெட்டிவிட்டு, அதோடு கூடவே பிறக்கிற மேல் ஸ்வரங்களை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தாய். பம்பை கேட்டு வளர்ந்த காது, மேலே இருப்பதைக் கேட்டதும் கீழே இல்லாததைத் தானே போட்டுக்கொண்டது. "கூம்பு பாவம்டா, அதால முடியாதத அதுகிட்ட கேக்காத. காதாண்ட கேளு, அது குடுக்கும்" என்றாய். எனக்கும் அதே பாடத்தைத்தான் நடத்தினார்கள். படித்தது எனக்குப் பரீட்சைக்கு உதவியது, உனக்குக் கைக்கு வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதைவிடக் கொடுமை நீ சொல்லும் ஆறுதல். டீயை என் கையில் திணித்துவிட்டு, "உனுது நல்லாத்தான் கீது மச்சி. இன்னா, கொஞ்சம் சின்னதா கீது" என்பாய். எனக்கு டீ இறங்காது. உனக்கு யார்மேலும் பொறாமை வந்து நான் பார்த்ததில்லை. அதற்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் பேச்சு இதுதான். பெட்டியின் இரண்டு பக்கமும் காந்தமில்லாத சவ்வு வைத்திருக்கிறேன், உள்ளே அழுந்துகிற காற்றே அதைத் தள்ளி ஆட்டும், காதை ஏமாற்றாமல் நிஜமாகவே அடிச் சத்தம் வரும் என்றேன். உன் வித்தையில் ஒரு சொட்டுகூட அதில் இல்லை, இந்தத் தடவை உன்னைத் தோற்கடித்துவிடுவேன் என்றும் சொன்னேன். ஊசி போட்டு வீங்கிய கையைத் தூக்கி, "வந்து கேக்கறேன், அதுவரைக்கும் திரையைக் கட்டாத" என்றாய். நம்பினேன். மாதக்கணக்கில் சோதனையைத் தள்ளிப்போட்டேன். நீ போன பிறகும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளினேன். மேனேஜர் இதற்குமேல் முடியாது என்றுவிட்டார்.

நேற்று உன் பழைய பெட்டியும் என் புதுப் பெட்டியும் திரைக்குப் பின்னால். கஸ்தூரி அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் கேட்டாள். "ரெண்டாவதுதான் சார் பெருசு. தரை அதிருது பாரு." வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவதையே காட்டினார்கள். இரண்டாவது என்னுடையது.

மேனேஜர் கைகொடுத்தார். அக்கா, "இன்னா சார், ஜெயிச்சிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்கற?" என்றாள். இத்தனை வருஷம் நான் உழைத்தது அந்தக் கைகுலுக்கலுக்கு இல்லை. உன் முகம் ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷமாவது கறுத்துப் போவதைப் பார்க்க. என் பெட்டியைக் கேட்டு உனக்கு டீ இறங்காமல் போவதைப் பார்க்க.

பொறாமை அப்படியே நெஞ்சில் கிடக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை. நீ உயிரோடு இருந்தவரை என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. தோற்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதற்கும் எனக்கு வயிறு எரிகிறதுடா.