நாலு விரல் மடிப்பு

நவம்பர் 19

கணக்குப் பரீட்சை சுமார். கடைசிக் கணக்குக்கு விடை வரவில்லை. வந்த மாதிரி எழுதி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "டிசம்பர் லீவுல நீயும் நானும் பனி பாக்கப் போறோம்" என்கிறாள். சித்தி இருக்கும் நாட்டுக்கு. கொஞ்ச நாள் சும்மா சுற்றிப் பார்க்க. டிக்கெட் எடுத்தாயிற்றாம்.

சின்ன வயதிலிருந்தே இது எங்கள் விளையாட்டு. கட்டில்தான் விமானம், அம்மாதான் பணிப்பெண். தட்டில் ரஸ்க் வைத்து நீட்டி, "மேடத்துக்கு பனி வேணுமா, மழை வேணுமா?" என்பாள். நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நிஜமாகவே போகிறோமாம். குதித்தேன். குதித்து முடித்துப் பார்த்தால் அம்மா சிரிக்கிறாள். என்னைப் பார்த்து இல்லை, மெஷினைப் பார்த்து.

அப்பா வரவில்லை. "நான் வந்துட்டா பஸ்ஸை யாரு ஓட்டுவா, உங்க சித்தப்பாவா?" என்றார். ஜோக்குதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா என் பக்கத்தில்தான் படுப்பாள், லைட் போட்டால் விழித்துக்கொள்வாள். அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவம்பர் 22

பல்லியிடம் சொன்னேன். (என் வகுப்பில் ஒல்லியானவள் அவள்தான். சுவரை ஒட்டியே நடப்பாள், அதனால் பல்லி.)

"உங்க சித்திக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்லையே."

"அப்ப போச்சுடி. எங்க அத்தை பொண்ணையும் லீவுக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப அவ அங்கேயே எட்டாவது படிக்கிறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பல்லி சொல்லுக்குப் பலன் உண்டு என்பார்களே. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

நவம்பர் 30

அம்மா எனக்குப் புதிதாக நாலு ஃபிராக் தைத்திருக்கிறாள்.

தையல்காரி மகளிடம் துணியை ஒளிக்க முடியுமா? உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கீழே நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருக்கிறாள். பக்கங்களிலும் தாராளமாகத் துணி விட்டிருக்கிறாள். எப்போதும் இரண்டு விரல்தான் விடுவாள். வளர்ந்தால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்று. நாலு விரல் என்றால்? ஒரு லீவுக்குள் யாரும் நாலு விரல் வளர்ந்துவிடுவதில்லை.

அவளுக்கென்று ஒன்றும் தைக்கவில்லை. கேட்டேன்.

"நம்ம துணியெல்லாம் அந்தக் குளிருக்கு ஆகாதுடி."

அப்போ என் துணி மட்டும் ஆகுமா?

டிசம்பர் 8

அப்பா என் தலையைப் பின்னிவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். இவருக்கு என்ன வந்தது? ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. முடியை மூன்றாகப் பிரிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"ஏங்க, அது பிள்ளை தலை. தேர் இழுக்கிற கயிறு இல்ல" என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவே இல்லை. அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினார். இனிமேல் கிடைக்காது என்று செய்கிற மாதிரி இருந்தது. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்.

டிசம்பர் 15

சமையலறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் அப்பா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். கடைசியாக என் காதில் விழுந்தது அம்மா குரல்: "அங்க போய் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா வரமாட்டா."

வரமாட்டா. நான்தானே?

டிசம்பர் 21

நாளைக்குக் கிளம்புகிறோம். பெட்டியின் அடியில் அம்மாவின் பெரிய கத்தரிக்கோல் இருக்கிறது, துண்டில் சுற்றி. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவளுக்கு இது எதற்கு?

"சித்தி கேட்டா."

சித்திக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அம்மாதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டிசம்பர் 24

பனி.

முதலில் பார்த்தது தெரு ஓரத்தில் குவித்து வைத்திருந்தது. சாம்பல் நிறம், மேலே ஒரு செருப்புத் தடம். அம்மா கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்து, "ஃபிரிட்ஜுல சுரண்டிப் போடுவோமே, அதேதான்டி. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் நிஜமாகவே பெய்ய ஆரம்பித்தது. சத்தமே இல்லை. மழை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மா தலையைத் தூக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவள் இமையில் ஒன்று விழுந்து கரைந்தது. என் சந்தேகம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இனிமே வருஷா வருஷம் பாக்கலாம்" என்றாள் சித்தி.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். சித்தி கப்சிப்.

டிசம்பர் 26

சித்தி வீட்டில் ஒரு சின்ன அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இன்று சித்தப்பா பல்பு மாற்றும்போது எட்டிப் பார்த்தேன். ஒற்றைக் கட்டில். நீளமான மேஜை. திரை புதுசு.

"யாருக்கு சித்தப்பா?"

"வர்றவங்களுக்கு."

வர்றவங்க யாரு? இங்கே வந்திருப்பது நான்தான்.

டிசம்பர் 28

செஞ்சுட்டேன்.

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். கதவு சாத்தியதும் கத்தரிக்கோலை எடுத்தேன். நாலு ஃபிராக்கிலும் மடிப்பைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை அப்படியே வெட்டிவிட்டேன். அடுத்த வருஷமே முட்டிக்கு மேல ஏறட்டும். போட்டுக்கத் துணி இல்லாத பிள்ளையை எப்படி விட்டுட்டுப் போவா, பாக்கலாம்.

பட்டைகளைச் சுருட்டித் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். நல்ல துணி. அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தது.

டிசம்பர் 29

காலையில் படுக்கையை உதறும்போது எல்லாம் கீழே விழுந்துவிட்டது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக மடியில் எடுத்து வைத்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"நீ என்னை இங்க விட்டுட்டுப் போகப் போற. எனக்குத் தெரியும்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "உன்னையா? அடிப் பைத்தியம். மூணாம் தேதி நீ சித்தப்பா கூட ஊருக்குப் போற. நான்தான் இங்க இருக்கப் போறேன்."

இங்கே நாடகக்காரர்களுக்கு உடை தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு. ஊரில் அம்மா வேலை பார்த்த தையல் கடையை மூடினதிலிருந்தே சித்தி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த அறை அம்மாவுக்கு.

"நான் இல்லாதப்ப உனக்கு யாருடி தச்சுக் குடுப்பா? அதான் விட்டுத் தச்சேன். பிரிச்சு விடறதுக்கு அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அலமாரி அடித்தட்டுல ஸ்கூல் யூனிஃபார்மும் பெரிசா தச்சு வெச்சிருக்கேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட. நீ வரலைன்னா நானும் கிளம்பியிருக்க மாட்டேன். உன்கூட ஒரு தடவை பனி பாத்துட்டா அப்புறம் இருந்துடலாம்னு..."

அப்பாவுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். கத்தரிக்கோலுக்குக்கூடத் தெரியும்.

"என்னை விட்டுட்டுப் போறதும் நீ இருந்துக்கிறதும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அவள் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓரம் சரியாக வரும்வரை அடுக்கினாள்.

ஜனவரி 3

விமானத்தில் பணிப்பெண் தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 20

அம்மா தினமும் போன் பண்ணுகிறாள். நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன், எல்லாரும் நல்லவங்க. இவ்வளவு நல்லா யாராவது இருப்பார்களா?

"உங்கம்மா சொன்னா நம்பணும்" என்றார் அப்பா.

"போன தடவை நம்பினேனே?"

அவர் அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

பிப்ரவரி 9

காய்ச்சல். அப்பா இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத. அங்க உக்காந்துக்கிட்டு அவ என்ன பண்ணுவா, பாவம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். போன் வருவதற்கு முன்னால் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டேன்.

எடுத்த எடுப்பிலேயே, "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா.

அப்பா எதிரே நின்று கையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்.

"காய்ச்சல்மா. முந்தாநாள்லேருந்து. அப்பா சொல்ல வேணாம்னார். நான் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எனக்குக் கையில இஸ்திரிப்பெட்டி சுட்டுடுச்சுடி" என்றாள். "போன வாரம். சித்திகிட்டகூட வேற என்னமோ சொல்லி வெச்சிருக்கேன்."

"எந்தக் கை?"

"இடது கை."

"கொப்புளமா?"

"ஆமா. உடைஞ்சு, இப்ப காஞ்சுகிட்டு வருது."

"வலிக்குதா?"

"துணியைப் பிடிச்சுக்கறப்ப மட்டும்."

நம்பினேன்.