அக்கா கையால் ஒரு மாத்திரை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அதையே நலம் என்று எடுத்துக்கொள். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால் எழுதி, உன் ஊருக்கு விமானம் ஏறுகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குப் பைபாஸ் நடந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். காலிலிருந்து எடுத்து நெஞ்சில் தைத்த அந்த ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்துவிட்டது என்று நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டர் படத்தில் காட்டினார். மறுபடி நெஞ்சைத் திறந்தால் உள்ளே பழைய தழும்பெல்லாம் ஒட்டிக் கிடக்கும், இந்த வயசுல ஆபத்து, தைச்ச குழாயும் நைஞ்சு போச்சு, அதுல ஸ்டென்ட் வச்சா எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது, பிறக்கும்போதே இருந்த உங்க சொந்தக் குழாயில கம்பி விட்டுத் திறந்து பாக்கலாம், கஷ்டம்தான், ஆனா சீக்கிரம் செய்யணும் என்றார். அக்கா உடனே தேதி கேட்டாள். அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எம் பையனைக் கேட்டுட்டுச் சொல்றேன் என்று எழுந்துவிட்டார்.

நீ என்ன சொன்னாய்? கம்பி விடுறதெல்லாம் ஒப்பேத்துற வேலை, திரும்ப ஆபரேஷன்தான் சரி, நான் வந்து பெரிய ஆஸ்பத்திரியில வச்சுப் பண்றேன், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றாய். இதயத்தைப் பற்றி உனக்கு என்னடா தெரியும், நீ லிஃப்ட் விற்கிறவன். ஆனால் உன் வார்த்தை அவருக்கு வேதவாக்கு. சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். லீவு கிடைக்கவில்லை என்றாய், அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை என்றாய். அக்கா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். உனக்கு அவன் மேல பொறாமை, அவன் வர்றதைக் கெடுக்கப் பாக்குற என்று பக்கத்து வீட்டார் முன்னால் அவளைக் கேட்டார்.

குளியலறையில் விழுந்தார். அக்காதான் தோளில் சாய்த்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். தைத்த குழாய் முழுசாக அடைத்திருந்தது. அதே டாக்டர் அப்பாவின் சொந்தக் குழாயில் கம்பி விட்டு, வெகுநேரம் மல்லுக்கட்டித் திறந்து ஸ்டென்ட் வைத்தார். உயிர் தங்கியது. ஆனால் இதயத்துல ஒரு பக்கம் செத்துப்போச்சும்மா, முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். லேத் பட்டறையில் இரும்பு என்றே பெயரெடுத்த மனுஷன், இப்போது வாசல் கேட் வரை நடந்தால் மூச்சு வாங்கி அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னும் கேள். கண் விழித்ததும் உன்னைத்தான் தேடினார். நீதான் அங்கிருந்தே டாக்டரிடம் பேசிப் பிழைக்க வைத்தாயாம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பாட்டு. அக்கா காபி டம்ளரோடு நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நான் உண்மையைப் போட்டு உடைத்தேன். நம்பவில்லை. அம்மாவும் பொண்ணும் சேர்ந்து எம் பையனைப் பிரிக்கிறீங்க என்றார். அன்றிலிருந்து அவள் கொடுத்தாலும் சரி, நான் கொடுத்தாலும் சரி, மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்புகிறார். தலையணை உறைக்குள் கண்டெடுத்தேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரை அது. விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், அப்புறம் என் கையில் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. வராதே. வந்தால் அவர் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார், அதையும் அவள் நின்று பார்க்க வேண்டும். போன் மட்டும் போடு, இதைப் படித்த கையோடு. அக்கா குடுக்குற மாத்திரையைச் சாப்பிடுங்கப்பா, நான்தான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன் என்று சொல். பச்சைப் பொய்தான், சொல்லு. இது என் யோசனைகூட இல்லை. என் பேர் வேண்டாம்மா, அவன் பேரைச் சொல்லியாவது அப்பா முழுங்கட்டும் என்று அக்காதான் சொன்னாள்.

மருமகளும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். உனக்கும் நாற்பது ஆகிவிட்டது, ஓடுவது அப்பா ரத்தம், ஒருமுறை நெஞ்சைக் காட்டிப் பார்த்துக்கொள். நாளைக்கு உனக்கு ஏதாவது என்றால் உன் மகனைக் கேட்காதே, டாக்டரைக் கேள். பெற்றவள் வாயால் சாபம் வரக்கூடாது, அதனால் ஆசீர்வாதம் என்றே எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா