மயிலைக்கு மூச்சு இருக்கும்போதே

அனுப்புநர்:
தில்ஷாத் பீவி,
காலஞ்சென்ற மக்பூல் அகமது மனைவி,
மேட்டுக்குப்பம், மாதனூர் அருகில்,
ஆம்பூர் வழி.

பெறுநர்:
மேன்மை தங்கிய கலெக்டர் துரையவர்கள்,
வட ஆற்காடு ஜில்லா, வேலூர்.

பொருள்: வெக்கை நோயால் செத்த என் காளையைப் பாஷாணம் வைத்துக் கொன்றதாக என் வண்டியோட்டி காசியைக் காவலில் வைத்திருப்பது, நோயோடு கிடக்கும் மற்றக் காளையை உடனே மாட்டு டாக்டர் வந்து பார்க்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அந்நிய ஆடவர் முன் வராத கோஷா ஸ்திரீ. என் கணவர் விட்டுப்போன ஒரு வண்டியும், செவலை, மயிலை என்ற ஒரு ஜோடிக் காளையுமே என் ஜீவனம். கிராமங்களில் உப்பிட்டு மடித்து வைத்த பச்சைத் தோல்களை ஆம்பூர் தோல் மண்டிக்கு ஏற்றிப்போவது தொழில். வண்டி ஓட்டுகிறவன் எங்கள் ஊர்ச் சேரியைச் சேர்ந்த காசி. என் கணவர் காலத்திலிருந்து அவன்தான் ஓட்டுகிறான்.

2. சென்ற மாதம் செவலை தீனியை வெறுத்தது. கண்ணில் ஓயாமல் நீர், மூக்கில் கெட்டிச் சளி, வாயெல்லாம் புண், பிறகு நாற்றமெடுத்த கழிச்சல். கடைசியில் கழுத்தை நீட்டிக்கொண்டு, விலா ஏறி இறங்க, மூச்சுக்குத் தவித்தது. என் வீட்டுக் கொல்லையில்தான் கொட்டகை. எல்லாவற்றையும் நான் கண்ணால் பார்த்தேன். பாஷாணம் தின்ற மாடு இப்படி நாள்கணக்கில் கிடந்து சாவதில்லை என்று ஊரில் எவரும் சொல்வார். அதே சமயத்தில் ஊரில் வேறு பல கொட்டகைகளிலும் மாடுகள் இப்படியே விழுந்தன. பள்ளிகொண்டாப் பக்கத்திலும் விழுந்ததாகக் கேள்வி. காசி அந்தத் திசைக்கு வண்டி ஓட்டியதே இல்லை. அங்கேயும் அவன்தான் போய்ப் பாஷாணம் வைத்தானா என்று தாங்களே விசாரிக்க வேண்டும்.

3. செத்த மாட்டின் தோல் சேரிக்காரர்களைச் சேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தோலுக்காகவே காசி மாடுகளைக் கொன்றான் என்று ஊரார் சிலர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நானும் புகார் செய்ததாகக் காகிதத்தில் இருக்கிறதாம். நான் யார் மேலும் புகார் செய்யவில்லை. மாடு என்னுடையது, அழுதது நான். என்னை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

4. காசி செவலையின் தோலை உரிக்கவில்லை. வழக்கப்படி அது அவனுடையதாக இருந்தும், கத்தி வைக்க மனம் வராமல், தோலோடு ஏரிக்கரையில் புதைத்தான். சர்க்கார் ஆட்களை விட்டுத் தோண்டிப் பார்த்தால் தெரியும். தோலுக்காகக் கொன்றவன் தோலை மண்ணுக்குக் கொடுப்பானா?

5. அவன் குடிசையில் வெள்ளைத்தூள் பொட்டலம் ஒன்று அகப்பட்டது மெய். அதைப் பாஷாணம் என்று போலீசார் எடுத்துப்போனார்கள். இழுத்துப்போகும்போது என் வாசலில் நின்று அவன் கத்தினான்: "பீபிம்மா, அது பாஷாணம் இல்லீங்கோ, மண்டி உப்பு! செவலைக்குத் தவுட்டுல போட எடுத்தாந்தேன்!" அது உண்மை. மண்டியில் தோல்களை உதறும்போது தரையில் உப்பு கொட்டும். இந்த வருஷம் உப்பு வரி ஏறியதிலிருந்து காசு கொடுத்து வாங்கி மாட்டுக்கு வைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? வண்டிக்காரர்கள் எல்லோரும் அந்த உப்பைக் கூட்டி அள்ளிவந்து தவிட்டில் கலக்குகிறார்கள். மண்டிக்காரர் இஷ்தியாக் அகமது சாயபு தடை சொல்வதில்லை. அவரைக் கேட்டால் ஒப்புவார். பொட்டலத்தைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தாலும் தெரிந்துவிடும்.

6. இதை எழுதச் சொல்லும்போதே என் மனசில் ஒரு பயம் எழுகிறது, தங்களிடம் மறைக்கப்போவதில்லை. மண்டிக்கு வரும் தோல்களில் வெக்கையில் செத்த மாடுகளின் தோலும் இருக்கும். அதன் மேல் கிடந்த உப்புத்தான் எங்கள் கொட்டகைகளுக்கு இந்த நோயைக் கொண்டுவந்ததோ என்று நினைக்கிறேன். நான் படித்தவள் அல்ல. ஆமா, இல்லை என்று மாட்டு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

7. நேற்று காசியின் மனைவி சுந்தரி லாக்கப்பில் அவனைப் பார்த்துவந்தாள். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்கப் போனவளிடம் அவன் கேட்டதெல்லாம் இதுதான்: "மயிலை இன்னா பண்ணுது? மூச்சு வாங்குறது கம்மியாய்ட்டுதா?" ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

8. மயிலைக்கு இப்போது அதே நோய். இன்னும் மூச்சிருக்கிறது. காசி நிரபராதி என்பதற்கு என்னிடம் மிஞ்சிய சாட்சி அந்த வாயில்லா ஜீவன்தான். ஆகையால் இந்த மனு கண்டதும் மாட்டு டாக்டரை அனுப்பி, அது உயிரோடிருக்கையிலேயே பார்வையிட்டு எழுதச் செய்ய வேண்டும். ஊரில் மிச்சமிருக்கும் மாடுகளுக்கு ஊசி போடவும் உத்தரவாக வேண்டும். கோர்ட்டில் என் சாட்சி தேவையென்றால், கோஷாவை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன், வந்து நிற்பேன்.

9. உப்புதான் காரணம் என்று டாக்டர் கண்டால், மண்டி உப்பை மாட்டுக்கு வைக்கலாகாது என்று கிராமந்தோறும் தண்டோரா போட வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் காசியை விட்ட பிறகு அதைப் போடும்படி கும்பிட்டுக் கேட்கிறேன். செவலைக்குத் தினமும் அந்த உப்பைத் தவிட்டில் தன் கையால் பிசைந்து ஊட்டியவன் அவன். பாஷாணம் வைத்தாய் என்று அடித்தபோதும் இல்லை என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது அவனால். இதைக் கேட்டால் என்ன சொல்வான்? லாக்கப்பில் தனியாக இருக்கும்போது யார் வாயாலோ அவன் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வரட்டும், சோறு தின்னட்டும். நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேட்டுக்குப்பம்,
23-11-1923

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்
தில்ஷாத் பீவி
(உருதுவில் கையொப்பம்)

பீவியவர்கள் திரைக்குப் பின்னிருந்து சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டியது: தே. தேவசகாயம், பள்ளி உபாத்தியாயர்.