பழைய நோயாளி

3 மார்ச் 2003

அன்பு அக்கா நோரீனுக்கு,

நலம்; உன் முட்டிவலி எப்படி? என் கண் பரிசோதனையை மறுபடியும் தள்ளிவைத்து உன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கண்ணில் அழுத்தம் ஏறினால் வலி தெரியாது, பார்வை ஓரத்திலிருந்து போகும் என்று நீதானே பயமுறுத்தினாய்? நேற்று பேருந்தைத் திருப்பும்போது, சைக்கிளில் வந்த பாதிரியாரை நான் பார்க்கவே இல்லை. வேலியில் விழுந்து எழுந்த மனிதர், "மழை வரும்போல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் கழித்து எடுத்தேன். இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு ஏது? நேரம் ஒதுக்கும் நாற்காலியில் நீதானே உட்கார்ந்திருக்கிறாய். ஏதாவது செய்யேன்.

உன் ஏவ்ரில்

10 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

பாதிரியார் கதையைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு பயந்துவிட்டேன். விஷயம் இதுதான். புதிதாக வருகிறவர்கள் எத்தனை வாரம் காத்திருந்தார்கள் என்றுதான் லண்டனில் அரசாங்கத்தார் கேட்கிறார்கள். கெடு தாண்டினால், ஆஸ்பத்திரிக்குத் தர மதிப்பாக அவர்கள் கொடுக்கும் நட்சத்திரம் குறையும். உன்னைப் போல மறுபரிசோதனைக்கு வரும் பழைய நோயாளிகளைப் பற்றிக் கேட்பாரில்லை. அதனால் உங்கள் இடத்தைப் பிடுங்கிப் புதியவர்களுக்குக் கொடுக்கிறோம். டாக்டர் கத்தினார்: "இவங்களுக்குக் கண்ணு போனா நீங்களா பதில் சொல்லுவீங்க?" மேலாளர், "கெடுவ நான் வைக்கல சார்" என்றார்.

உனக்கு முன்னால் பலர் நிற்கிறார்கள். தங்கை என்பதற்காக நடுவில் நுழைக்க மனம் வரவில்லை. வரிசையை மீறி ஏறுகிறவர்களை இறக்கிவிடுகிறவள்தானே நீயும்? கோடைக்குள் கூப்பிடுகிறோம்.

நோரீன்

15 மார்ச்

அக்கா,

நீ சொல்வது நியாயம்தான். கேட்டதற்கே வெட்கமாக இருக்கிறது. காத்திருக்கிறேன்.

ஏவ்ரில்

22 செப்டம்பர்

அன்பு ஏவ்ரில்,

இடையில் நான் போட்ட கடிதங்களுக்கு ஏன் பதிலே இல்லை? எங்களுக்கு மூன்று நட்சத்திரமும் முழுதாகக் கிடைத்துவிட்டது. கேக் வெட்டினார்கள், டாக்டர் மட்டும் வரவில்லை. நானும் ஒரு வாயோடு தட்டை வைத்துவிட்டேன். கோடையில் உன்னைக் கூப்பிட முடியாமல் போயிற்று. உனக்கு நவம்பரில் இடம் போட்டிருக்கிறேன், இந்த முறை நிச்சயம்.

நோரீன்

1 அக்டோபர்

நோரீனுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மிஸஸ் பாம்ஃப்ரி எழுதுகிறார். இடது கண் போய்விட்டது. வலதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. போனது திரும்பாது என்கிறார்கள். பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நவம்பர் இடத்தை வரிசையில் அடுத்தவருக்குக் கொடு.

உன்மேல் கோபமில்லை என்று முதலில் எழுதச் சொன்னேன். பிறகு அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். "கூடப் பொறந்தவளுக்கு இப்படியா எழுதுறது?" என்கிறார் இந்த அம்மாள். இப்படித்தான்.

இனிமேல் எழுதாதே. கடிதம் வந்தால் வேறொருவர்தான் படித்துக்காட்ட வேண்டும். உன் சமாதானங்களை அந்நியர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஏவ்ரில்