புதன்கிழமைச் சாப்பாடுகள்

இன்று மதியம் வேலைக்கு நடுவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் சூடான உருளைக்கிழங்குப் பொரியல்மேல் வினாகிரியைத் தெளித்தார். அந்தப் புளித்த ஆவி மூக்கில் ஏறியதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். மணம் பிடிக்காமல் அல்ல. அந்த மணம் வந்தால் எதிர்க் கதிரையில் நீர் இருக்கவேண்டும். அங்கே என் குளிர்ச்சட்டைதான் கிடந்தது.

உம்மைப் புதைத்து ஐந்து மாதமாகிறது. கடைசிவரை நான் உம்மை "நீர்" என்றுதான் சொன்னேன். உமக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட. அக்கா என்று கூப்பிட நீர் விடவில்லை. "நீ" என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இந்தக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள். எங்களுக்குக் கீழே நீரும் உம்முடைய கணவரும். கல்யாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பொன்சரில் வந்த எனக்கு மொன்றியல் என்றால் சமையலறை யன்னலும் அதற்கு வெளியே தெரிந்த செங்கல் சுவரும்தான். வீட்டுக் கதவின் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்று என் கணவரிடம், மற்றது மாமியின் கைப்பையில். எனக்கும் ஒன்று வெட்டித் தாருங்கள் என்று கேட்டபோது, "நீ தனிய எங்க போகப்போறாய்?" என்றார் என் கணவர். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த வீட்டில் யாரும் எனக்கு அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதனாலேயே எனக்கு என்ன குறை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

எங்கள் குளியலறைத் தண்ணீர் உம்முடைய வீட்டுக்குள் ஒழுகிய அன்று நீர் மேலே வந்து கதவைத் தட்டினீர். மாமியோடு தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே என்னை இரண்டு மூன்று தடவை பார்த்தீர். அடுத்த கிழமை திரும்பவும் வந்தீர்.

"புதன்கிழமையில அவரைப் பாக்க ஒரு பிள்ளை வாறவ, பதினொண்டிலயிருந்து ஒரு மணிமட்டும். அந்த நேரத்தில கோயிலுக்குப் போட்டு வரலாம் எண்டு பாத்தன். படியெல்லாம் ஐஸ். உங்கட மருமகளைத் துணைக்கு விடுறீங்களே அம்மா?"

பாரிசவாதம் வந்து படுத்துவிட்ட மனிதரை வைத்துப் பார்க்கிற ஒருத்தி, அதுவும் கோயிலுக்கென்று கேட்டால், மாமி எப்படி மறுப்பா? கிறிஸ்தவரின் வேதக் கோயில் என்றாலும் கோயில்தானே என்றா.

முதல் புதன்கிழமை நீர் கோயிலைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தீர்.

"கோயில் அங்கயல்லோ?"

"கோயில் ஞாயிற்றுக்கிழமை. இண்டைக்குப் பசி."

ஏழு மேசைகள் மட்டுமே இருந்த கடை அது. யன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. வருகிற பெண்களையெல்லாம் "மா பெல்", என் அழகி, என்று அழைக்கும் வயதான பரிசாரகி என் முன்னால் வந்து நின்று பிரெஞ்சில் ஏதோ கேட்டா. நான் உம்மைப் பார்த்தேன். நீர் யன்னலைப் பார்த்தீர்.

"நீரே எனக்கும் சேர்த்துச் சொல்லும்," என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? உம்மட வயிறு. உமக்கு என்ன வேணும் எண்டு நீர்தான் சொல்லவேணும்."

இருபத்தாறு வயதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் அப்பாவுக்குப் பிடித்ததை அம்மா சமைத்தா. இங்கே மகனுக்குப் பிடித்ததை மாமி சொன்னா, நான் சமைத்தேன். மிஞ்சியதைச் சாப்பிட்டேன், அது எனக்குப் பிடிக்குமா என்று நானே கேட்டுக்கொண்டதில்லை. கடைசியில் படத்தில் பச்சைப் பட்டாணி தெரிந்த ஒரு தட்டைத் தொட்டுக் காட்டினேன். கோழி வைத்த பாண் துண்டுகளின்மேல் மண்ணிறக் குழம்பு ஊற்றி, பக்கத்தில் பட்டாணி குவித்துக் கொண்டுவந்தார்கள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நீர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூளை எடுத்து, பரிசாரகி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என் தட்டில் கொட்டினீர். இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். முழுவதையும் சாப்பிட்டேன். நானே கேட்டு வாங்கியதல்லவா!

ஆனால் பன்னிரண்டரை தாண்டியதும் உம்முடைய பேச்சு குறைந்துவிடும். சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பீர். கட்டடத்துக்குள் நுழையும்போது உம்முடைய முகமே வேறாகிவிடும். என்னுடையதும் அப்படித்தான் மாறியிருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் போனோம். ஒரு கிழமை கிரேக்கர் கடையில் இறைச்சி சுற்றிய ரொட்டி, இன்னொரு கிழமை வில்லரே பக்கம் நடந்து சூப்பும் பொரித்த மீனும். எந்தக் கடையானாலும் நடுவில் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல் வைத்து, அதன்மேல் நீர் வினாகிரியைத் தெளிப்பீர். தமிழ்க் கடைப் பக்கம் மட்டும் எட்டியும் பார்க்கமாட்டோம். சூப் குடித்த ஒருநாளில்தான் நீர் சொன்னீர். நான் ஒன்றும் கேட்கவில்லை, நீராகவே சொன்னீர்.

"அவர் விழமுந்தி எனக்கு அடிக்கிறவர். சட்டைக்குள்ள மறையிற இடமாப் பாத்து. நான் விட்டிட்டுப் போவம் எண்டு உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சிருந்தனான். அந்தக் கிழமைதான் விழுந்தார்." பாணைப் பிய்த்து சூப்பில் தோய்த்தீர். "இப்ப அவருக்கு அடிக்க ஏலாது. எனக்கு விட்டிட்டுப் போகவும் ஏலாது. கரண்டியால தீத்திறன். வாயைத் திறந்து என்னையே பாத்துக்கொண்டிருப்பார்."

பட்டரை உம்முடைய பக்கம் தள்ளிவைத்தேன்.

மாசி மாதத்தில் பிடிபட்டோம். என் கணவரோடு வேலை செய்கிற ஒருவர் கிரேக்கர் கடை யன்னலூடாக எங்களைக் கண்டிருக்கிறார். "கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டுக் கடை கடையாத் தின்னுறியோ?" என்றா மாமி. என் கணவர் என்னோடு கதைக்கவே இல்லை. அதற்குப் பிறகு, வெளியே போவதென்றால் மாமி கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனா. உள்ளேயிருந்தும் திறப்பில்லாமல் திறக்க முடியாத பூட்டு அது. பின்பக்கப் பால்கனிக்குப் படி இல்லை. அவ திரும்பி வரும்வரை நான் வெங்காயம் வெட்டினேன், உடுப்பு மடித்தேன்.

அப்படிப் பூட்டத் தொடங்கி நாலாவது புதன்கிழமை நீர் வந்து கதவைத் தட்டினீர்.

"திறவும்."

"ஏலாது. மாமி பூட்டிக்கொண்டு போட்டா."

வெளியே கதவின் கைபிடியை இரண்டு தரம் திருகிப் பார்த்தீர். பிறகு உம்முடைய குரல் தாழ்ந்து கேட்டது. "நெருப்புப் பிடிச்சால் என்ன செய்வீர்?"

அதுவரை அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருந்தேன். காகிதப் பை சரசரத்தது. எனக்கும் வாங்கிக்கொண்டு வந்திருந்தீர். கதவுக்குக் கீழிருந்த இடுக்கு வழியாக வினாகிரி மணம் மட்டும் உள்ளே வந்தது.

"சொல்லும். உமக்கு என்ன வேணும்?"

இந்தமுறை எனக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. "வெளியில வரவேணும்."

நீர் படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. உம்முடைய கணவரைப் பார்க்க வரும் ஹெயிட்டிப் பெண்ணைக் கூட்டிவந்தீர். அவ கட்டடப் பொறுப்பாளரை அழைத்துச் சத்தம்போட்டா. அவருடைய திறப்பால் கதவு திறந்தது. "பாஸ்போட்டை எடும். வேற ஒண்டும் வேண்டாம்," என்றீர். பெண்கள் தங்கும் ஓர் இடத்துக்கு அந்தப் பெண்ணே தொலைபேசியில் கதைத்தா. டாக்சி வந்தது.

"நீரும் ஏறும்," என்று உம்முடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு ஒரு மணியாச்சு," என்றீர்.

டாக்சி புறப்படும்வரைகூட நீர் நிற்கவில்லை. குளிர்ச்சட்டை இல்லாமல் பனியில் நின்ற நீர் திரும்பி உள்ளே போய்விட்டீர்.

பிறகு நடந்ததெல்லாம் உமக்குத் தெரியும். பிரெஞ்சு படித்தேன். விவாகரத்து வந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அறையும் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலையும் கிடைத்தன. உம்மை வந்து பார்க்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் மறித்தீர். "இஞ்சால வரவேண்டாம். மாமியின்ர ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்." அப்படியென்றால் வேறெங்காவது சந்திப்போம் என்றால், "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போடுவீர். நான் அதைச் சட்டென்று ஏற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் தெருவை நினைக்கவே பயமாக இருந்தது. நீர் வேண்டாமென்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் மூன்று வருடமாகப் புதன்கிழமை தவறாமல், நான் சாப்பிடுகிற நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பீர். "இப்பத்தான் சாப்பிட்டிட்டு வெளியில வாறன்," என்று தொடங்குவீர். என்ன சாப்பிட்டீர், பரிசாரகி என்ன சொன்னா, எந்த மேசை கிடைத்தது எல்லாம் சொல்லுவீர். நான் தப்பிவிட்டேன், நீரும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலமாவது தப்பிக்கொண்டிருக்கிறீர் என்று நம்பியிருந்தேன்.

சமையலறையில் நெஞ்சு வலி வந்து விழுந்தீராம். உம்முடைய அடக்கத்துக்காகத்தான் திரும்பப் பார்க் எக்ஸ்டென்ஷனில் கால் வைத்தேன். கோயில் வாசலில் அந்த ஹெயிட்டிப் பெண் என்னை அடையாளம் கண்டு அணைத்துக்கொண்டா. புதன்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை.

"எந்தச் சாப்பாடு?" என்று பிரெஞ்சில் கேட்டா. "நீங்கள் போன அதே மாதம் அவருக்கு இரண்டாந்தரமும் பாரிசவாதம் வந்தது. அவரைத் தூக்கிக் குளிக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். நான் காலைப் பிடிப்பேன், அவ தோளைப் பிடிப்பா. அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமையும் அவ வெளியே போகவில்லை. குளிக்கவைத்து முடிந்ததும் சமையலறைக்குப் போய்ப் பத்து நிமிடம் யாருடனோ தொலைபேசியில் கதைப்பா. நன்றாகச் சிரிப்பா. உங்களோடுதானா?"

ஓம், என்னோடுதான்.

நான் திரும்பி வந்துவிடக்கூடாது, வராததற்காக வருந்தவும் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர் என்று இப்போது நினைக்கிறேன். உம்மிடம் கேட்க வழியில்லை. ஈரக் கையோடு அந்தச் சமையலறையில் நின்று, போகாத கடையில், வாங்காத தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர். மூன்று வருடச் சாப்பாடு. நீர் சொன்ன ஒன்றையும் நான் மறக்கவில்லை. பட்டாணிக் கஞ்சி. காளான் போட்ட ஆம்லெட். ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம். நீர் இறப்பதற்கு முந்திய கிழமை பொரித்த மீன். அதில் உப்புக் கொஞ்சம் கூட என்று குறைகூடச் சொன்னீர்.