பூச்சியங்கள் உன் பக்கம் நிற்கவில்லை, மச்சான்

அன்பு மச்சான் தயாளா,

நீ தோற்றுவிட்டாய்! சத்தியமாகத் தோற்றுவிட்டாய், டேய்! இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பதுளையில் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்து என்னோடு சண்டைக்கு வரக்கூடிய ஒரே ஆள் நீதான். நீயோ போய் ஒரு வருஷமாகிறது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் முஸ்லிம் நானாவின் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து நாம் மல்லுக்கட்டியதெல்லாம் நினைவிருக்கிறதா? ஓர் ஏகபரிமாண வகையீட்டுச் சமன்பாடு. அதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு தீர்வுகள். அவை பூச்சியமாகிற புள்ளிகள் எங்கே விழும், எவ்வளவு நெருக்கமாக விழும்? நேர்கோட்டில் வம்பில்லை, இதன் பூச்சியம் ஒன்று, அதன் பூச்சியம் ஒன்று என்று மாறி மாறி வரும். சிக்கலெண் தளத்தில் இறங்கினால் அந்த ஒழுங்கெல்லாம் போச்சு. அங்கேதான் நீ மேசையில் அடித்தாய்: "குணகம் அவ்வளவு வேகமா வளருதுடா. அந்த ஆட்டம் எங்கயாச்சும் வெளிய தெரியணும்ல? ரெண்டுல ஒன்னுலயாச்சும் பூச்சியம் மொய்ச்சுத்தான் ஆகணும்!"

ரெண்டுமே அடக்கமாக இருக்கலாம் என்றேன் நான். "எங்க, ஒன்னு காட்டு பாப்போம்" என்றாய். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோகும்வரை என்னால் காட்ட முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காட்டிவிட்டேன், மச்சான்! சமன்பாட்டைத் தேடுவதை விட்டுவிட்டுத் தலைகீழாகப் போனேன். இரண்டு தீர்வுகளின் விகிதத்தை முதலில் கட்டினேன். தளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தெரிந்த சார்பு ஒன்றை வைத்து, ஓரங்களை இழுத்து ஒட்டினேன். ஒட்டு நின்றது! அதிலிருந்து சமன்பாடு தானாக வந்து விழுந்தது. நீ சொன்ன அத்தனை வளர்ச்சியும் அதில் இருக்கிறது, ஆனால் இரண்டு தீர்வுகளிலும் பூச்சியங்கள் ஐதாக, எட்ட எட்டத்தான் கிடக்கின்றன. கடையே அதிரக் கத்திவிட்டேன். பிளேன்டீ கவிழ்ந்தது.

"என்ன சேர், லொத்தர் சீட்டு உழுந்திச்சா?" என்றார் நானா.

"அதுக்கும் மேல நானா!"

வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் அம்மாவை நினைத்தேன். அவர் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று, "எம் மகன் ஒரு கணக்குச் சொல்லிட்டுப் போயிருக்கான், அவன் கூட்டாளி அத நெசமாக்கப் போறாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை எப்படி நான் போய் உடைப்பது? அடுத்த மாதம் கொழும்பில், கம்பஸில், இதை விளக்கப் போகிறேன். அதற்கு முன் அவருக்குத் தெரிந்தாக வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகப் பசறை பஸ்ஸில் ஏறினேன்.

உங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவன் சொன்னது பொய்யா தம்பி?"

"பொய்யில்லம்மா. தப்பு."

"அத யாரு கண்டுபுடிச்சா?"

"நாந்தாம்மா."

நம்பமாட்டாய், அம்மா சிரித்துவிட்டார். "ஒங்ககிட்ட தோத்த அன்னைக்கித்தான் தம்பி அவன் சிரிச்சுக்கிட்டே வருவான். வழக்கத்தவிட ரெண்டு ரொட்டி கூடத் திம்பான். ஜெயிச்சா உர்ர்னு இருப்பான், 'அவனால என்னய மடக்க முடியலம்மா'ம்பான்."

டேய், இதை ஏன்டா என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? நீ ஜெயிப்பதற்காகத்தான் மேசையில் அடிக்கிறாய் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

"அங்க பேசுறப்ப அவன் பேரு வருமா?" என்று கேட்டார்.

"அவன் பேர்லதாம்மா ஆரம்பிப்பேன்."

அப்படியே செய்வேன், மச்சான். உன் கூற்றை முதலில் எழுதி, கேட்பவர்கள் எல்லோரும் நீ சொன்னதே சரி என்று நம்பும்வரை உன் பக்கமே நின்று வாதாடுவேன். அதற்குப் பிறகுதான் உடைப்பேன். முடிந்ததும் எழுந்து நின்று "இரு, இரு, அந்த ஒட்டுல ஓட்டை இருக்கு" என்று கத்த நீ இல்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பரவாயில்லை. அந்தக் கேள்வியையும் உனக்காக நானே கேட்பேன். இந்த முறை நீ மடக்கினால் நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

உன்னை ஜெயித்துவிட்டுத் தனியாக நிற்கும்
உன் மச்சான்
சிவா