கிழிக்கக் கூடாத அங்கி

மார்ச் 4

என் கணக்கு டீச்சருக்கு,

நலமா? உன் அக்காவின் முழங்கால் வலி தேவலையா? எனக்குச் சமையல் இன்னும் கைகூடவில்லை. நேற்றும் சாதம் குழைந்துவிட்டது.

சபையில் வேதபாட வகுப்பு தொடங்கிவிட்டேன். தலைப்பு: பிரதான ஆசாரியனின் உடுப்புகள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர் வெட்டிய கற்களை மார்ப்பதக்கத்தில் பதித்துக்கொண்டு அவன் சந்நிதிக்குள் போகிறான். அதாவது, ஜனங்களை நெஞ்சின்மேல் சுமந்து போகிறான். குறிப்புகளை அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல் திருத்திக் கொடு.

எப்போது வீட்டுக்கு வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

போதகர் ஐயா அவர்களுக்கு,

அக்காவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நம் பாப்பா போன பிறகு எத்தனை கடிதம் எழுதிவிட்டீர்கள்! ஆசாரியனின் ஏபோத்து மேலாடை, இடைக்கச்சை, அங்கி ஓரத்து மணி, எல்லாம் வந்தாயிற்று. பெற்ற மகளைப் பற்றி ஒரு வரி உண்டா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடக்கத்தன்று பக்கத்துச் சபைப் போதகர், "நீங்க உட்காருங்க, நான் நடத்துறேன்" என்று கெஞ்சினார். நீங்கள் அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றீர்கள். குரல்கூடத் தடுமாறவில்லை. நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏன்?

குறிப்புகளைப் பிரிக்கவே இல்லை.

பாப்பாவின் அம்மா

மார்ச் 17

அன்புள்ளவளுக்கு,

நீ வேதம் தெரியாதவள் அல்ல. பிள்ளைகள் இருவர் ஒரே நாளில் மாண்டபோதும் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனுக்கு என்ன கட்டளை? துக்கத்தில் உடுப்பைக் கிழிக்காதே, ஆராதனைக் கூடார வாசலைவிட்டுப் போகாதே. அங்கி போட்டவனுக்குத் தன் துக்கம் சொந்தமில்லை. சபையே அழுதுகொண்டிருந்தது, ஒருவனாவது நிற்க வேண்டாமா? எத்தனை முறைதான் விளக்குவது?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 22

ஐயா,

விளக்கிக் கிழித்தது போதும்.

அந்த அதிகாரத்தை முடிவுவரை நானும் படித்தேன். அன்று புசிக்க வேண்டிய பலியை ஆரோன் புசிக்கவில்லை. கட்டளை சொன்ன மோசே கோபித்தார். எனக்கு இப்படி நேர்ந்த நாளில் எப்படிச் சாப்பிடுவேன் என்று ஆரோன் கேட்டான். மோசே அதற்குமேல் பேசவில்லை. இதை வகுப்பில் சொன்னீர்களா?

இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். அழக் கூடாதென்ற சட்டமெல்லாம் பிரதான ஆசாரியனுக்குத்தான். மற்ற ஆசாரியர்கள் மகளுக்காகத் துக்கப்படலாம். மகள் என்றே எழுதியிருக்கிறது. உங்களை யார் பிரதான ஆசாரியன் ஆக்கியது?

இனி எழுதாதீர்கள். தலை வலிக்கிறது.

ஏப்ரல் 2

அன்புள்ளவளுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், திட்டிக்கொள்.

நேற்று வகுப்பில் நீ சொன்ன இடத்தை எடுத்தேன். உன் வாதத்தை உடைக்கத்தான் எடுத்தேன். தாய், தகப்பன், மகன் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். "மகள்" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. அத்தனை பேர் முன்னால் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். ஆர்கன் வாசிக்கும் அம்மா, "ஐயா, உட்காருங்க. நாங்க எங்கேயும் போகல" என்றார்கள். உட்கார்ந்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

விடுப்பு சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை பஸ் ஏறட்டுமா?

பாப்பாவின் அப்பா

ஏப்ரல் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

வாருங்கள். கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்; தீரவில்லை. இங்கே அக்கா வீட்டில் இடமும் நெருக்கடிதான், கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்துவிட்ட பாப்பாவின் துணிப்பையை நான் இங்கே வரும்போதே எடுத்து வந்துவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை. தனியாகப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் வந்ததும் பிரிப்போம்.

பாப்பாவின் அம்மா